இரும்பைப் பிடித்துக்கொண்டு கோதென்பர்க் வரை

டோரி, அபர்தீன்
16 மே 1983, திங்கட்கிழமை

அன்பு மகள் ரோனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, என் தொண்டையைத் தவிர. அது புதன்கிழமை கத்திக் கத்திப் போனது, இன்னும் வீடு திரும்பவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை மாக்னஸும் சுகமா, குட்டி இங்காவின் இருமல் விட்டதா, அதை முதலில் எழுது. நெஞ்சில் வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு, மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும், நீ அப்படித்தான் வளர்ந்தாய். பீட்டர் மாமாவுக்கு முட்டி வலி பழையபடிதான். மீன் கொட்டடியில் என் கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, போன வாரம் நான் ஊரில் இல்லாதபோது அதை எடுத்து அறுத்தவள் யாரென்று மட்டும் தெரியவில்லை, முனை மழுங்கிக் கிடக்கிறது. சரி, இதையெல்லாம் எழுதவா நான் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டோம் மகளே! ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை நம் ஊருக்கு வந்துவிட்டது, மாட்ரிட்காரர்களை அடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம், உன் அம்மா அங்கே மழையில் நின்று அதைக் கண்ணால் பார்த்தாள்!

எதிர்வீட்டு வினி இதற்குள் உங்கள் லெர்விக்கில் இருக்கிற அவள் தங்கைக்குப் போன் போட்டிருப்பாள், வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா. அதனால் உன் காதுக்கும் வந்திருக்கும், உன் அப்பா கப்பலில் போனார் என்று. ஆமாம், போனார். அதுவும் வேறு எந்தக் கப்பலிலும் இல்லை, உன் ஊருக்கு வருகிற அதே கப்பலில். இந்தக் கடிதத்தை மடித்து அடுப்பில் போடுவதற்கு முன் கடைசி வரைக்கும் படித்துவிடு ரோனா, அதன்பிறகு உன் இஷ்டம். போனில் சொல்லலாம் என்றால் நீ அப்பா பெயர் வந்ததும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாய், லெர்விக்கில் அவ்வளவு பால் எங்கிருந்து வருகிறதோ.

உன் கோபம் எனக்குத் தெரியாதா. நாலு வருஷத்துக்கு முன் உன் கல்யாணத்துக்கு ஊரே கப்பலேறி வந்தது, பெற்ற அப்பா மட்டும் இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டார், பீட்டர் மாமா உன் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போனார். மாக்னஸை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அன்றைக்கு விருந்தில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது, "பந்தாட்டம்னா நீந்தியாவது வந்திருப்பாரு." ஒன்பது வருஷத்துக்கு முன் அலெக் சித்தப்பாவின் படகு திரும்பி வராத அந்தக் குளிர்காலத்தில் உன் அப்பா கையில் மீன்முள் குத்திச் சீழ் வைத்துக் கரையில் இருந்தார், அதனால் பிழைத்தார், அன்றிலிருந்து எந்தப் படகுப் பலகையிலும் கால் வைக்கவில்லை, ஐஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். தம்பி பெயரைக்கூட அவர் வாயால் கேட்டதில்லை. அதெல்லாம் உனக்கும் தெரியும். ஆனாலும் கல்யாணம் என்பது கல்யாணம்தானே, நானும் உன் பக்கம்தான் இருந்தேன்.

இப்போது கேள். அரையிறுதியில் ஜெயித்த மறுவாரம் விமானச் சீட்டெல்லாம் ஊர்ப் பணக்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் மீன் சந்தைச் சார்லி ஓடி வந்து, இறுதி ஆட்டத்துக்கு லெர்விக் கப்பலையே ஸ்வீடனில் இருக்கிற கோதென்பர்க்குக்கு அனுப்பப் போகிறார்களாம் என்று தெருவெல்லாம் கத்திவிட்டுப் போனான். சாயங்காலம் உன் அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்தார், தொப்பியைக் கழற்றவில்லை, "நெட்டா, ரெண்டு பேருக்கும் சீட்டு எழுதிட்டேன்" என்றார். எந்த விமானம் என்றேன். "விமானம் இல்ல. கப்பல்" என்றார். உருளைக்கிழங்கு கையிலிருந்து நழுவியது, எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஏன்யா, பெத்த பொண்ணு கல்யாணத்துக்குக் கப்பல்ல ஏற மாட்டேன்னவன், பந்து உதைக்கறதப் பார்க்க ஏறுவியா? அவ சொன்னத அப்படியே நெசமாக்கப் போறியா?" என்று கேட்டேன். அவர் கிழங்கைக் குனிந்து எடுத்துக் கழுவி என் கையில் கொடுத்தார். "போயிட்டு வந்து சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். அவரிடம் அதற்கு மேல் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று. நான் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னேன், பிறகு யோசித்தேன், இந்த மனுஷன் கப்பலேறுகிற படிப்பலகையில் விழுந்து வைத்தால் தூக்க ஆள் வேண்டும், அதோடு வழி நெடுகத் திட்டுவதற்கும் ஒருத்தி வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அறையில் தொங்கிய சிவப்புத் திரைச்சீலையை வெட்டிவிட்டேன். கடைகளில் சிவப்புத் துணி ஒரு முழம் இல்லை, ஊர் முழுக்கச் சிவப்பாகிக் கிடந்தது. அதில் வெள்ளைப் பெயின்டால் "டோரி" என்று எழுதி ஒரு கழியில் கட்டிக்கொண்டேன். புதிய திரை வாங்கித் தருகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

துறைமுகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! குழல் ஊதுகிறவன் ஊதுகிறான், கிழவர்கள் வெள்ளைத் தொப்பியும் சிவப்புக் கழுத்துத் துண்டுமாக ஆடுகிறார்கள், மீன் கொட்டடிப் பெண்கள் ரப்பர் ஏப்ரனோடு வந்து கையசைக்கிறார்கள். உன் அப்பா படிப்பலகை அடியில் போய்க் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டத் தொடங்கினார். கட்டுகிறார், கட்டுகிறார், வரிசை நிற்கிறது. எனக்குத் தெரியும், அவர் போட்டிருந்தது நாடாவே இல்லாத பூட்ஸ். பின்னால் நின்ற சார்லி, "ஜோர்டி அண்ணே, ஏறப் போறியா, இல்ல கப்பலுக்கு வெல பேசிட்டிருக்கியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். திட்டுவதற்கென்று வந்தவள் நான், அந்த முதுகைப் பார்த்ததும் வசவெல்லாம் மறந்துபோனது. கழியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன், பனிக்கட்டியாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி ஏறினார். அந்த இரும்பை விட்டவர் நாற்காலிக்கு வந்ததும் அதன் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்குக் கீழ்த்தளத்துக் கூடத்தில் சாய்வு நாற்காலி. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறாய்? நம் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பாதிரியார் கெடெஸ்! கழுத்துப்பட்டை தெரியாமல் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். எடின்பரோ பக்கத்து ஆள், கடல் வழக்கம் ஒன்றும் தெரியாது, பாதிரியார் ஏறினால் கப்பலுக்கு ஆகாது என்றோ, அந்தப் பெயரைக்கூடக் கடலில் சொல்லாமல் கறுப்புக் கோட்டுக்காரர் என்றுதான் சொல்வோம் என்றோ யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் உத்தரத்தைப் பார்த்தேன். கப்பல் கிளம்பித் துறைமுக வாயைத் தாண்டியதும் ஆடத் தொடங்கியது. உன் அப்பா முகம் சுண்ணாம்பு. அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கோட்டுக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து, பிரசங்கம் செய்கிற அதே குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "என் மனைவி நிறையச் செய்து கொடுத்திருக்கிறாள், யாருக்கு வேணும் சால்மன் சாண்ட்விச்?" என்றார்.

ரோனா, நான் என்ன சொல்ல! உனக்குத் தெரியும், நம் தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து அந்த மீனின் பெயரைக் கடலில் எவனும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சிவப்பு மீன் என்பதோடு சரி, சொல்லிவிட்டால் உடனே இரும்பைத் தொடவேண்டும். பாடிக்கொண்டிருந்தவன் வாய் திறந்தபடி நின்றான். அடுத்த நொடி, "இரும்பு! இரும்பைத் தொடு!" என்று யாரோ கத்த, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், ஒருவன் நாற்காலிக் காலை, ஒருவன் தூணை, ஒருவன் பக்கத்திலிருந்தவன் இடுப்பு வார்ப் பூட்டை. சார்லி கையில் ஒன்றும் அகப்படாமல் நாலு காலில் தவழ்ந்து வந்து உன் அப்பா நாற்காலியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீ மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் புடிச்ச?" என்று கேட்டான். உன் அப்பா அவனைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். ஆளுக்கொரு இரும்பைப் பிடித்துக் குனிந்து கிடக்கிற கூட்டம், நடுவில் சாண்ட்விச்சை நீட்டியபடி திருதிருவென்று விழிக்கிற கறுப்புக் கோட்டு. உன் அப்பா சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கிச் சிரித்தார், கண்ணீர் வரச் சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. "டப்பாவ மூடுங்கய்யா, எல்லாரையும் மூழ்கடிச்சிடாதீங்க" என்று அவர் சொன்னதும் கப்பலே சிரித்தது. பாவம் அந்த மனுஷர், அதன்பிறகு டப்பாவைத் தொப்பிக்கு அடியில் மறைத்து வைத்துத் தின்றார்.

அன்றைக்குக் கடல் நன்றாகவே பிடித்து ஆட்டியது. ஐநூறு பேர் ஏறினோம், அதில் நானூறு பேர் தின்றதையும் குடித்ததையும் வடகடலுக்குக் காணிக்கை கொடுத்தார்கள். நானும்தான், நம் ஊர் ரோவி ரொட்டி மட்டும் வயிற்றில் தங்கியது. உன் அப்பாவுக்குக் குமட்டல் கிடையாது, நடுக்கம்தான், கம்பளிக்குள் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. அந்தக் கலவரத்தில் ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. மறுநாள் கொஞ்சம் அமைதி, அவர் எழுந்து மேல்தளத்துக் கதவு வரை போய்க் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு மறுபடி போனார்.

கோதென்பர்க்கில் மழை என்றால் மழை, பல்லைக் கடித்துக்கொண்டு பெய்தது. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், ஒரு பெண் தன் கடை வாசலில் எனக்குக் காபி கொடுத்து என் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவளுக்குப் புரியவில்லை, இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டோம். அரங்கத்தில் ஒரு பக்கம் முழுக்க நாம்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நம் பையன் ஒரு கோல் போட்டான், நான் யாரைக் கட்டிப் பிடித்தேன் என்றே தெரியவில்லை, மீசை குத்தியது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள், நம் ஆள் பின்னால் தட்டிய பந்து குட்டைத் தண்ணீரில் சிக்கி நின்றுவிட்டது, அவர்கள் பாய்ந்தார்கள், பெனால்டி, கோல், ஒன்றுக்கு ஒன்று. அப்போது டோரிக் கூட்டம் முழுக்கத் திரும்பி ஒரே ஆளை, அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரைப் பார்த்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கை என்ன செய்யும், ஆனால் பார்த்தார்கள். சார்லி மரியாதையாகத்தான் சொன்னான், "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க கொஞ்சம் அந்தாண்ட போய் நின்னீங்கன்னா எல்லாருக்கும் நல்லது." அவரும் நனைந்த கோழி மாதிரிப் போய் நின்றார்.

நேரம் முடிந்து கூடுதல் நேரமும் ஓடுகிறது. எனக்குக் கால் மரத்துவிட்டது, உன் திரைச்சீலை நனைந்து சாயம் என் கைக்குள் வழிகிறது. பாதிரியார் மெல்ல மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டார், சார்லி மறுபடி, "கழிப்பறைக்காவது போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்சினான். அவர் படியிறங்கி மறைந்தாரோ இல்லையோ, இடது பக்கத்திலிருந்து ஒரு பந்து தூக்கி வந்தது, மாற்றாளாக இறங்கிய நம் பொடியன் பாய்ந்து தலையால் தள்ளினான், ரோனா, வலை! வலை அசைந்தது! அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது, என் தொண்டை அங்கேதான் போனது. கழிப்பறையிலிருந்து ஓடி வந்த பாதிரியாரை ஆறு பேர் மறித்து, "வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று கத்துகிறார்கள், அவர் கைகூப்பி அங்கிருந்தே குதிக்கிறார். கடைசி விசில் ஊதியதும் அவரைத்தான் முதலில் தோளில் தூக்கினார்கள். கண்ணால் பார்க்காமல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

உன் அப்பா கத்தவில்லை. மழையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அலெக், பாத்தியாடா" என்றார். அவ்வளவு சத்தத்திலும் எனக்குக் கேட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை அந்தப் பெயர். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார், வெட்கப்படவே இல்லை.

திரும்பி வரும்போது காலையில் கண் விழித்தால் பக்கத்து நாற்காலி காலி. மேல்தளத்துக்கு ஓடினேன், அங்கே அவர் காற்றில் நிற்கிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆனால் ஒரே கையால். பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே பேசினார், அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "நெட்டா, அன்னிக்கு எனக்கு இடுப்பு வலியும் இல்ல, மாக்னஸ் மேல கசப்பும் இல்ல. அவன் நல்ல பையன். நான் பயந்தேன். லெர்விக் துறையில அவ புகுந்த வீட்டு ஆளுங்க மொத்தமும் நிப்பாங்க. மணப்பொண்ணோட அப்பன், மீன்பிடிக்காரன், வெடவெடன்னு நடுங்கிட்டு நாலு பேர் கைத்தாங்கலா எறங்கினா, ஆயுசுக்கும் அத சொல்லிக் காட்டுவாங்களே எம் பொண்ணுகிட்ட. அதுக்கு வராமலே இருக்கலாம்னு நெனச்சேன். இந்தக் கப்பல்ல பாரு, ஐநூறு பேரு குடிச்சிட்டு வாந்தி எடுக்கறான். நான் நடுங்கறத எவன் பாக்கப் போறான்? இங்க ஏறிப் பார்த்துடணும், ஏற முடிஞ்சா அங்கயும் ஏறலாம்னுதான் சீட்டு எழுதினேன்." கடைசியில், "கோப்பை கெடச்சது கூடுதல்" என்றார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? முட்டாளே என்று திட்டினேன். இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் நடுங்குகிற அப்பாவை அவளே கப்பலுக்குள் வந்து கைபிடித்து இறக்கியிருக்க மாட்டாளா என்றேன். "இறக்கியிருப்பா. அதான் பயமே" என்றார். இதற்கு மேல் நான் அவருக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. நீ கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் கோபப்பட்ட காரணம் தப்பு, அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

கப்பல் உள்ளே நுழைந்தபோது துறைமுகத்தில் நின்ற படகெல்லாம் ஊதின, கரை முழுக்க ஜனம். எல்லாரும் பாடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள், உன் அப்பா ஓடவில்லை, நனைந்த பூட்ஸோடு நேரே சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்த பெண் வெள்ளிக்கிழமைக் கப்பல் காலியாக இருக்கிறது என்றாள், வெள்ளிக்கிழமை எவனாவது பயணம் தொடங்குவானா, வேண்டாம் என்றார். அடுத்த வாரம் புதன்கிழமை, 25ஆம் தேதி மாலைக் கப்பல், இருவருக்கும். வியாழன் காலை லெர்விக் வந்துவிடுவோம். உன்னிடம் சொல்லக் கூடாது, திடீரென்று வந்து நிற்க வேண்டும் என்பது அவர் திட்டம், நீ வாசல் கதவைச் சாத்திவிட்டால் அந்த மனுஷன் தாங்க மாட்டார், அதனால் நான் சொல்லிவிட்டேன்.

மாக்னஸிடம் நான் சொன்னதாகச் சொல், வேலை நெருக்கடியில் சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. நீயும் வீட்டைத் தலைகீழாகத் துடைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எங்களுக்கு ஒரு கட்டில் போதும். மறக்காமல் ஒன்று செய், வியாழக்கிழமை அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு துறையில் நிற்காதே, பாதிரியார் வந்துவிட்டார் என்று உன் அப்பா திரும்ப உள்ளே போய்விடுவார். கப்பல் துறைக்குள் திரும்பும்போது மேல்தளக் கைப்பிடியைப் பார், உன் அறைத் திரைச்சீலை அதில் தொங்கும். உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டியையும் கடவுள் காற்றிலும் அலையிலும் காக்கட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா,
நெட்டா

கீழே இருப்பது உன் அப்பா எழுதியது. நான் உறை ஒட்டும் நேரத்தில் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், பேனாவை வாங்கிக்கொண்டார்.

ரோனா, நடுங்கிக்கொண்டுதான் இறங்குவேன். கையைக் கொடு. அப்பா.